எச்எல்ஏ: பெயர் ஒன்று, வேலை வேறு

சிறுநீரக மாற்று சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்கு அலைந்த குடும்பங்கள் அந்தத் தாளைப் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் நோயாளியின் பெயர், மறுபக்கம் சிறுநீரகம் தர முன்வந்தவரின் பெயர். கீழே எச்எல்ஏ-ஏ, எச்எல்ஏ-பி, எச்எல்ஏ-டிஆர் என்று மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு எண்கள். ஆறில் எத்தனை பொருந்துகிறது என்று டாக்டர் எண்ணிச் சொல்வார். பெற்ற தாய் கொடுப்பதாக இருந்தால் குறைந்தது மூன்று பொருந்தும். கூடப் பிறந்தவர் என்றால் ஆறும் பொருந்தலாம், ஒன்றுகூடப் பொருந்தாமலும் போகலாம்.

அந்தத் தாளோடு வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கேள்வி வருவது இயல்பு. உடம்பில் இப்படி ஒரு ஏற்பாடு எதற்கு? உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரத்தில் நடந்தது, அதுவும் ஒரே கருவில் உருவான இரட்டையர்களுக்குள். அதற்கு முந்தைய லட்சக்கணக்கான ஆண்டுகளில் யாரும் இன்னொருவரின் உறுப்பை வைத்துக்கொண்டு உயிர் வாழ்ந்ததில்லை. என்றைக்கோ வரப்போகும் அறுவை சிகிச்சையைத் தடுப்பதற்காக ஏறக்குறைய எல்லா உயிரணுவிலும் ஒரு புரதம் காவல் நின்றிருக்க முடியாது. அதற்கு வேறு வேலை இருந்திருக்க வேண்டும்.

இருக்கிறது. எச்எல்ஏ என்பதை விரித்தால் ‘மனித வெள்ளணு ஆன்டிஜென்’ என்று வரும். இந்தக் குடும்பத்துக்குப் பொதுவாக உள்ள இன்னொரு பெயரில் ‘திசுப் பொருத்தம்’ என்ற சொல் இருக்கிறது. இரண்டுமே, அதை முதலில் கண்டவர்கள் எந்தச் சூழலில் கண்டார்களோ அதை வைத்து இட்ட பெயர்கள். பீட்டர் கோரர் 1930-களில் லண்டனில் எலிகளுக்குள் கட்டிகளை மாற்றிப் பொருத்தியபோது எலியில் எச்எல்ஏ-வுக்கு இணையான எச்-2 தெரியவந்தது. ஜான் டோசே 1958-ல் பாரிஸில், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களைச் சோதித்தபோது மனிதனுடையது தெரியவந்தது. அடுத்தவர் உடம்புக்குள் போனால் சண்டை மூட்டும் பொருள் என்றுதான் அது அறிமுகமானது. சொந்த உடம்பில் அது என்ன செய்கிறது என்பது தெரிய இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

கொரோனாவுக்குப் பிறகு ஆன்டிபாடி என்ற சொல் எல்லா வீட்டிலும் புழங்குகிறது. ரத்தத்தில் மிதக்கும் புரதம் அது. வைரஸ் வெளியே திரியும்போது அதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்துவிட்டால் ஆன்டிபாடியின் கை அங்கே எட்டாது. உள்ளே புதுப்புது வைரஸ்கள் தயாராகிக்கொண்டிருக்க, வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் பக்கத்துச் செல்லைப் போலவே தெரியும். அந்தச் செல்லைத் தேடிப் பிடித்து அழிக்க வேண்டியவை டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். அவற்றாலும் ஒரு செல்லுக்குள் எட்டிப் பார்க்க முடியாது.

உடம்பு இதற்குக் கண்டிருக்கும் வழி எனக்கு இன்றும் வியப்பைத் தருவது. ஒவ்வொரு செல்லும், தான் உள்ளே செய்யும் புரதங்களில் கொஞ்சத்தை எடுத்து நறுக்கி, அந்தத் துணுக்குகளை வாசலில் கொண்டுவந்து வைக்க வேண்டும். நோய் வந்தால்தான் என்று இல்லை, எந்நேரமும். கல்யாண வீட்டின் பின்பக்கம் கிடக்கும் எச்சில் இலைகளைப் பார்த்தே உள்ளே என்ன சமையல் என்று சொல்லிவிடலாம், இல்லையா? டி செல் அதைத்தான் செய்கிறது. துணுக்கை ஏந்தி நிற்கும் இலைதான் எச்எல்ஏ. நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டு எதிர்க்கும் பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர். அதை நறுக்கித் தயார் செய்து, வெளியே எடுத்துக் காட்டும் இந்த முழு வேலையும் ஒரு செல்லின் அன்றாடக் கடமைகளில் ஒன்று.

இதன் நூல்நுனி முதலில் பிடிபட்டது ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், 1973-ல். பீட்டர் டோஹர்ட்டி குயின்ஸ்லாந்தில் கால்நடை மருத்துவம் படித்தவர். ரோல்ஃப் சிங்கர்நாகல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த இளம் மருத்துவர். ஜான் கர்ட்டின் மருத்துவ ஆய்வு நிலையத்தில் இடம் போதாததால் இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். எலிகளுக்கு மூளையுறை அழற்சி தரும் ஒரு வைரஸ்தான் அவர்கள் கையில் இருந்தது. வைரஸ் தொற்றிய எலியிலிருந்து டி செல்களை எடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்த்த வேறு செல்களோடு சேர்த்தார்கள். அந்தச் செல்களுக்கும் அதே வைரஸ் ஏற்றப்பட்டிருந்தது. அதே எலி வம்சத்தின் செல்கள் என்றால் டி செல்கள் கொன்றன. வேறு வம்சத்தின் செல்கள் என்றால், உள்ளே அதே வைரஸ் இருந்தும் சீண்டவில்லை. இரண்டு வம்சங்களுக்கும் இருந்த முக்கியமான வேறுபாடு எச்-2.

அதாவது டி செல் வைரஸைத் தனியாகப் பார்ப்பதில்லை. சொந்த எச்-2-வோடு சேர்த்துத்தான் பார்க்கிறது. திசு மாற்று ஆய்வாளர்கள் மட்டும் அக்கறை காட்டிய ஒரு புரதம், நோய் எதிர்ப்பின் நடுவீட்டுக்கு வந்துவிட்டது. 1974-ல் அவர்கள் வெளியிட்ட முடிவுக்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எச்-2-வோடு சேர்ந்திருப்பது எது என்ற கேள்வி அடுத்த பத்தாண்டுக்கு நின்றது. முழு வைரஸ் புரதம் செல்லின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். இங்கிலாந்தில் அலெய்ன் டவுன்சென்ட் ஃப்ளூ வைரஸை வைத்துப் பார்த்தபோது ஒரு முரண்பாடு வந்தது. டி செல்கள் குறிவைத்தது நியூக்ளியோபுரதம் என்ற ஒன்றை. அது வைரஸின் உள்ளே, அதன் மரபுப்பொருளைச் சுற்றி இருப்பது. செல்லின் மேற்பரப்புக்கு வர வேண்டிய அவசியமே இல்லாதது. அப்புறம் 1986-ல், அந்தப் புரதத்தின் ஒரு சிறு துண்டைச் செயற்கையாகத் தயாரித்து, நோயே இல்லாத செல்களின் மேல் தெளித்தார்கள். டி செல்கள் அந்தச் செல்களைக் கொன்றன. வைரஸ் வேண்டாம், முழுப் புரதமும் வேண்டாம், ஒரு துணுக்கு போதும்.

அடுத்த ஆண்டே அந்தத் துணுக்கு உட்காரும் இடமும் கண்ணுக்குத் தெரிந்தது. ஹார்வர்டில் பமேலா பியார்க்மன், டான் வைலி, ஜாக் ஸ்ட்ராமிங்கர் ஆகியோர் எச்எல்ஏ-ஏ2 என்ற புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்-ரே கொண்டு அதன் வடிவத்தைக் கண்டார்கள். தட்டையான ஒரு தளம், அதன் இருபுறமும் கரை போல இரண்டு சுருள்கள், நடுவே நீண்ட பள்ளம். அந்தப் பள்ளம் காலியாக இல்லை. எச்எல்ஏ-வைச் சேராத ஏதோ ஒரு பொருள் அதில் கிடந்தது. படத்தில் தெளிவில்லாத அந்த நிழல், பல வகைத் துணுக்குகள் கலந்து கிடந்ததன் நிழல். எச்எல்ஏ எதற்காக இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு படத்தைவிட நேரான பதில் கிடையாது.

சரி, துணுக்கு எப்படித் தயாராகிறது?

செல்லுக்குள் ஆயுள் முடிந்த புரதத்துக்கும் கோணலாக உருவான புரதத்துக்கும் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் சங்கிலியாக ஒட்டப்படும். கழித்துவிடு என்பதற்கான அடையாளம் அது. (இதைக் கண்டறிந்த சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-ல் வேதியியல் நோபல்.) அடையாளம் விழுந்த புரதம் புரோட்டியசோம் என்ற பீப்பாய்க்குள் இழுக்கப்படுகிறது. நான்கு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பீப்பாய் அது, வளையத்துக்கு ஏழு உறுப்புகள். வெட்டும் கத்திகள் உள்சுவரில் மட்டுமே இருக்கும். வெளியே இருந்தால் செல்லின் நல்ல புரதங்களையும் சேர்த்து அரிந்துவிடும். உள்ளே போன புரதம் சிறு சிறு துண்டுகளாக வெளியே வரும். பெரும்பகுதி தனித்தனி அமினோ அமிலங்களாக உடைந்து புதுப் புரதம் கட்டப் போய்விடும். தப்பிய சில துண்டுகளே வாசலுக்குப் போகின்றன.

செல்லில் இந்தக் கழிவு நீக்கும் வேலை, நோய் எதிர்ப்பு தோன்றுவதற்கு வெகு காலம் முன்பிருந்தே நடந்து வருவது. டி செல்லோ, எச்எல்ஏ-வோ இல்லாத ஈஸ்ட்டில்கூட புரோட்டியசோம் இருக்கிறது. முதுகெலும்புள்ள விலங்குகளின் உடம்பு, ஏற்கெனவே வெட்டிப் போட்ட குப்பையையே தகவலாக எடுத்துக்கொண்டது. பக்கத்தில் எங்காவது தொற்று வந்து இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருள் பரவினால், செல்கள் பீப்பாயின் மூன்று கத்திகளை மாற்றிக்கொள்கின்றன. புதுக் கத்திகள் வெட்டும் துண்டுகளின் முனை, எச்எல்ஏ பள்ளத்தின் ஓரத்தில் சரியாகப் பொருந்தும்படி இருக்கும்.

ஆனால் எச்எல்ஏ இருக்கும் இடம் வேறு. அது எண்டோபிளாச வலை என்ற தனி அறையில் கட்டப்படுகிறது. துண்டுகளை அந்த அறைக்குள் கடத்திவிட டாப் என்ற வாயில் புரதம் சுவரில் பதிந்திருக்கிறது. உள்ளே காலிப் பள்ளத்தோடு எச்எல்ஏ காத்திருக்கும். அதைத் தாங்கிப் பிடித்து வாயிலின் பக்கத்திலேயே நிறுத்தி வைப்பது டாப்பாசின் என்ற இன்னொரு புரதம். நீளமான துண்டுகளின் முனையைச் சீவி அளவுக்குக் கொண்டுவர இஆர்ஏபி1 என்ற நொதி இருக்கிறது. எட்டிலிருந்து பத்து அமினோ அமிலம் நீளம், பெரும்பாலும் ஒன்பது. இறுக்கமாகப் பொருந்தும் துண்டு கிடைக்கும்வரை எச்எல்ஏ-வுக்கு வெளியே போக அனுமதி இல்லை. பள்ளம் காலியாக இருந்தால் அதன் உருவமே நிலைக்காது. பொருந்தியது கிடைத்தவுடன் மேற்பரப்புக்குப் பயணம்.

எந்தத் துண்டும் எந்தப் பள்ளத்திலும் உட்காராது. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஹான்ஸ்-கியோர்க் ராமென்சீயின் குழு 1991-ல் எச்எல்ஏ-க்களிலிருந்து துணுக்குகளைக் கழற்றி எடுத்து வரிசையைப் படித்தபோது, ஒவ்வொரு எச்எல்ஏ வகைக்கும் ஒரு ருசி இருப்பது தெரிந்தது. ஏ2-வுக்கு இரண்டாவது இடத்தில் லூசின் போன்ற ஒன்றும் கடைசி இடத்தில் வாலின் அல்லது லூசினும் வேண்டும். ஃப்ளூவின் நியூக்ளியோபுரதத்தில் 498 அமினோ அமிலங்கள். அதிலிருந்து ஒன்பது நீளத்தில் 490 துண்டுகள் வெட்டலாம். ஒருவருடைய ஒரு குறிப்பிட்ட எச்எல்ஏ-வில் இறுகப் பொருந்துபவை அவற்றில் மிகச் சில. எனக்குள்ளே காட்டப்படும் ஃப்ளூத் துணுக்கும் உங்களுக்குள்ளே காட்டப்படுவதும் வேறு வேறாக இருப்பது இதனால்தான். இது பின்னால் முக்கியமாகும்.

வேகம் பற்றியும் ஒரு புதிர் இருந்தது. வைரஸ் புரதங்கள் பல, நாள் கணக்கில் சிதையாமல் இருக்கக்கூடியவை. ஆயுள் முடிந்த பிறகுதான் அவற்றை வெட்டுவது என்றால், டி செல்லுக்குச் செய்தி போகும்போது வைரஸ் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். நடப்பில், தொற்றிய சில மணி நேரத்திலேயே துணுக்கு வாசலுக்கு வந்துவிடுகிறது. ஜோனதன் யூடெல் 1996-ல் சொன்ன விளக்கம்: புதிதாகக் கட்டப்படும் புரதங்களில் ஒரு பகுதி பிறக்கும்போதே கோணலாகிக் கழிக்கப்படுகிறது, துணுக்குகளில் பெரும்பங்கு அவற்றிலிருந்தே வருகிறது. செல் இப்போது எதைச் செய்துகொண்டிருக்கிறது என்பதை வாசல் உடனுக்குடன் காட்டுவதற்குக் காரணம், செய்முறையில் நேரும் தவறுகள். இந்த விளக்கத்தின் அளவு பற்றி ஆய்வாளர்களிடம் வாதம் உண்டு. அடிப்படை எனக்குச் சரியாகவே படுகிறது.

ஒரு செல்லின் மேல் இப்படிப்பட்ட எச்எல்ஏ-க்கள் ஒரு லட்சம் அளவுக்கு இருக்கும். அவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே நம் சொந்தப் புரதங்களின் துணுக்குகள். டி செல் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அப்படிப் போகக் கற்றுக்கொடுக்கும் இடம் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி. அங்கே உருவாகும் இளம் டி செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெளியே வருவதே இல்லை. சொந்த எச்எல்ஏ-வை அடையாளம் காணத் தெரியாதவை கவனிப்பாரின்றி மடிகின்றன. சொந்தத் துணுக்கைப் பார்த்துக் கொதிப்பவை அழிக்கப்படுகின்றன. மிஞ்சியவைதான் காவலுக்கு வரும். அந்த ஒரு லட்சத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில துணுக்குகள் அந்நியமாக இருந்தாலே போதும், கொல்லும் டி செல் விழித்துக்கொள்ளும்.

இதுவரை சொன்னது உள்ளே தயாராகும் பொருளின் கதை. வெளியிலிருந்து வரும் பொருளுக்கு வேறு பாதை, வேறு எச்எல்ஏ. அந்தத் தாளில் டிஆர் என்று இருக்கிறதே, அது இந்த இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. இது எல்லா செல்லிலும் இருக்காது. விழுங்குவதையே தொழிலாகக் கொண்ட மேக்ரோஃபேஜ், பி செல், டென்ட்ரைட்டிக் செல் ஆகியவற்றில்தான் முக்கியமாக இருக்கும். விழுங்கிய கிருமி ஒரு பையில் அடைபட்டு, அந்தப் பை மெல்ல மெல்ல அமிலமாகி, நொதிகளால் கரைகிறது. எச்எல்ஏ-டிஆர் தன் பள்ளத்தை ஒரு மூடி போட்டு அடைத்துக்கொண்டே அந்தப் பைக்கு வந்து சேரும், வழியில் வேறு துண்டுகள் ஏறிவிடக் கூடாது என்று. பையில் மூடி சிதைந்து கடைசித் துண்டு மட்டும் பள்ளத்தில் நிற்க, எச்எல்ஏ-டிஎம் என்ற உதவியாள் அதைத் தட்டிவிட்டு நல்ல துண்டு ஏறும்படி பார்த்துக்கொள்கிறது. இந்தப் பள்ளத்தின் இரு முனையும் திறந்தவை. அதனால் துண்டுகள் நீளமாக, பதின்மூன்றிலிருந்து இருபத்தைந்து அமினோ அமிலம்வரை இருக்கும். இதைப் படிப்பவை சிடி4 என்ற உதவும் டி செல்கள்.

இந்தப் பாதைக்கு அமிலம் தேவை என்பது தெரியவந்தது மலேரியா மாத்திரையால். குளோரோகுயின் அந்தப் பைகளின் அமிலத்தன்மையைக் குறைக்கும். எமில் உனானுவேயும் கிர்க் சீக்லரும் 1982-ல் மேக்ரோஃபேஜ்களுக்கு அதைக் கொடுத்தபோது, அவை கிருமியை விழுங்கின, ஆனால் டி செல்லிடம் காட்ட முடியவில்லை. விழுங்குவது வேறு, செரித்துக் காட்டுவது வேறு என்பது அங்கே பிரிந்து தெரிந்தது. 1985-ல் உனானுவேயின் குழு கோழிமுட்டை வெள்ளைக்கருவின் லைசோசைம் புரதத்திலிருந்து எடுத்த ஒரு துணுக்கு, எலியின் இரண்டாம் வகுப்புப் புரதத்தில் நேரடியாகப் போய் ஒட்டுவதைக் காட்டியது.

இந்த இரண்டாம் பாதையை நம்மில் பலர் சொந்தக் கையிலேயே பார்த்திருக்கிறோம். காசநோய் சந்தேகம் வந்தால் முன்கையில் மான்டூ ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொல்வார்கள். ஊசியில் உள்ளது காசநோய்க் கிருமியின் புரதம். தோலில் உள்ள செல்கள் அதை விழுங்கி, நறுக்கி, எச்எல்ஏ-டிஆர் மேல் வைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பக்கமாகப் போகும் ஞாபகமுள்ள டி செல் ஒன்று அதை அடையாளம் கண்டு கூட்டத்தைக் கூப்பிட வேண்டும். கூட்டம் வந்து சேர்ந்தால் அந்த இடம் கெட்டியாகும். ஸ்கேல் வைத்து அளப்பது அந்தக் கெட்டியைத்தான், சிவப்பை அல்ல. 48 முதல் 72 மணி நேரம் காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் இத்தனை வேலையும் நடக்க வேண்டியிருப்பது.

ஆனால் காசநோய்க் கிருமிக்கு இந்தப் பாதை நன்றாகத் தெரியும். மேக்ரோஃபேஜ் தன்னை விழுங்க அது விட்டுவிடும். உள்ளே போனதும், தன்னை அடைத்திருக்கும் பை அமில நொதிப் பையோடு சேர்வதைத் தடுத்துவிடும். கரைக்க முடியாததைக் காட்டவும் முடியாது. நிணநீர் முடிச்சுக்குச் செய்தி போவதும் தாமதமாகும். 1968-ல் தொடங்கி செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த பிசிஜி ஆய்வு இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. தடுப்பூசி போட்டவர்களுக்கு மான்டூ நன்றாகவே கெட்டியானது. அதாவது காட்டும் வேலையும் நடந்தது, அடையாளம் காணும் டி செல்லும் இருந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை மட்டும் அது தடுக்கவில்லை. ஒரு துணுக்கை அடையாளம் காண்பதும் அந்தக் கிருமியை அடக்குவதும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு பெரிய அளவில் சொன்ன ஆய்வுகள் உலகிலேயே குறைவு.

காலில் முள் குத்திப் புண்ணானால் அரையில் நெறி கட்டும். வீட்டில் பெரியவர்கள் தொட்டுப் பார்த்து, ‘புண்ணுக்கு நெறி கட்டியிருக்கு’ என்பார்கள். புண் பாதத்தில், வீக்கம் தொடையிடுக்கில். இடையில் பயணம் செய்தது யார்? தோலில் கை விரித்தாற்போலக் கிளைகளோடு உட்கார்ந்திருக்கும் டென்ட்ரைட்டிக் செல்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கிருமியை விழுங்கியதும் இடத்தைவிட்டுக் கிளம்பி, நிணநீர்க் குழாய் வழியே முடிச்சுக்குப் போகின்றன, வழியிலேயே துணுக்குகளை எச்எல்ஏ-வில் ஏற்றிக்கொண்டு. ஒரு குறிப்பிட்ட துணுக்கை அடையாளம் காணத் தெரிந்த புது டி செல், லட்சத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். உடம்பு முழுக்கத் தேடினால் கிடைக்காது. அதனால் டி செல்கள் முடிச்சுக்கு முடிச்சு சுற்றி வருகின்றன, டென்ட்ரைட்டிக் செல் துணுக்கை அங்கே கொண்டுவருகிறது. சந்தித்ததும் அந்த டி செல் பெருகத் தொடங்கும். நெறியாகக் கையில் தட்டுப்படுவது, அங்கே வந்து குவிந்து பெருகும் செல்களின் கூட்டம்.

டென்ட்ரைட்டிக் செல் துணுக்கை மட்டும் காட்டுவதில்லை. கிருமி உண்மையிலேயே வந்திருக்கிறது என்பதற்குச் சாட்சியாக இன்னொரு சைகையும் சேர்த்துக் காட்ட வேண்டும். துணுக்கு மட்டும் வந்து சைகை வராவிட்டால் டி செல் பெருகாது, சில சமயம் செயலிழந்தும் போகும். வெறும் புரதத்தைத் தடுப்பூசியாகப் போட்டால் பலன் குறைவது இதனால்தான், பல தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு சேர்ப்பது இந்தச் சைகையைத் தட்டி எழுப்பத்தான்.

இந்த செல்லை 1973-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலியின் மண்ணீரலில் முதன்முதலாக அடையாளம் கண்டவர் ரால்ஃப் ஸ்டைன்மன், தன் மூத்த ஆய்வாளர் ஜான்வில் கோனோடு சேர்ந்து. மேக்ரோஃபேஜின் இன்னொரு கோலம்தான் இது என்று பல ஆண்டுகள் பலர் ஒதுக்கினார்கள். 2007-ல் அவருக்குக் கணையப் புற்றுநோய் வந்தபோது, டென்ட்ரைட்டிக் செல்களை அடிப்படையாகக் கொண்ட சோதனைச் சிகிச்சைகளைத் தன் உடம்பிலேயே செய்துகொண்டார். 2011 அக்டோபர் 3 அன்று நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அவர் செப்டம்பர் 30-லேயே இறந்திருந்தார். குழுவுக்கு அது தெரியாது. பரிசை மாற்ற வேண்டாம் என்று முடிவானது, நன்றாகவே முடிவானது.

வாசலில் துணுக்கு வைப்பதுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்றால், வைரஸ் வாசலைத்தானே அடைக்கும்? உதட்டில் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் வைரஸின் ஐசிபி47 என்ற புரதம், டாப் வாயிலுக்குள் தக்கை போலச் சொருகிக்கொள்கிறது. சைட்டோமெகலோ வைரஸ் கட்டி முடித்த எச்எல்ஏ-வை அறையிலிருந்து வெளியே தள்ளிப் புரோட்டியசோமுக்கே இரையாக்குகிறது. எச்ஐவியின் நெஃப் புரதம் எச்எல்ஏ-ஏ, பி இரண்டையும் மேற்பரப்பிலிருந்து உள்ளிழுத்து மறைக்கிறது. வாசல் வெறிச்சோடிக் கிடந்தால் அதைச் சந்தேகிக்கும் காவலாளியும் உண்டு. ஸ்டாக்ஹோமில் க்ளாஸ் காரே 1980-களில் காட்டியபடி, என்கே செல்கள் எச்எல்ஏ இல்லாத செல்லைத் தேடிக் கொல்கின்றன. நெஃப் அதற்கும் பதில் வைத்திருக்கிறது: என்கே செல்லைச் சமாதானப்படுத்தும் எச்எல்ஏ-சி, ஈ இரண்டையும் எச்ஐவியின் பல வகைகளில் அது பெரிதாகத் தொடுவதில்லை.

புற்றுக்கட்டிகளும் இதே தந்திரத்தைக் கையாளும். அதில் மிக விசித்திரமானது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் உள்ள டெவில் என்ற விலங்குக்கு வரும் முகக்கட்டி. 1996-ல் முதலில் கவனிக்கப்பட்டது. அவை ஒன்றையொன்று கடிக்கும்போது புற்றுச் செல்லே ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிப் பரவுகிறது. அடுத்த விலங்கின் செல்லை உடம்பு ஏன் நிராகரிக்கவில்லை? அந்தத் தீவில் எல்லா டெவில்களுக்கும் திசு வகை ஏறக்குறைய ஒன்றுதான், அதனால்தான் என்று முதலில் நினைத்தார்கள். 2013-ல் வேறு விடை வந்தது: கட்டியின் செல்கள் துணுக்கு ஏந்தும் புரதங்களை மேற்பரப்பில் வைப்பதையே நிறுத்தியிருந்தன. மரபணு கெடவில்லை, அணைத்து மட்டும் வைக்கப்பட்டிருந்தது.

இப்போது அந்தத் தாளுக்குத் திரும்பலாம். ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ மரபணுக்களில் மனித இனத்தில் இதுவரை பதிவான வடிவங்கள் 30,000-க்கும் மேல். மனித மரபணுக்களில் இவ்வளவு வேறுபாடு வேறெங்கும் இல்லை. வேறுபாடுகள் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தைச் சுற்றியே குவிந்திருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே பள்ளம் இருந்தால், அதில் உட்காரும் துணுக்குகளை மாற்றிக்கொண்ட ஒரே ஒரு வைரஸ் ஊரையே துடைத்துவிடும். ஒவ்வொருவர் வாசலிலும் வேறு துணுக்கு இருப்பதால் எந்தக் கிருமியாலும் எல்லோரையும் ஏமாற்ற முடிவதில்லை.

ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. எச்எல்ஏ-பி27 என்ற வடிவம் உள்ளவர்களில் சிலருக்கு, காலையில் எழுந்தால் முதுகும் இடுப்பும் இறுகிக்கொள்ளும் முதுகுத்தண்டு அழற்சி வருகிறது. இந்தத் தொடர்பு 1973-லேயே தெரியும். துண்டைச் சீவும் நொதி என்றேனே, இஆர்ஏபி1, அதன் சில வடிவங்களும் இந்த நோயின் வாய்ப்பை மாற்றுகின்றன, அதுவும் பி27 உள்ளவர்களிடத்தில். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் மாத்திரை, பி*15:02 உள்ள சிலருக்குத் தோல் உரியும் கொடிய ஒவ்வாமையைத் தரும். ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மாத்திரை தொடங்குமுன் எச்எல்ஏ பார்க்கச் சொல்லி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2007-ல் அறிவுறுத்தியது. 

என்னை அதிகம் யோசிக்க வைப்பது பி*57:01. எச்ஐவி தொற்றியும் மருந்தின்றிப் பல ஆண்டுகள் வைரஸை அடக்கி வைப்பவர்களிடம் இது அதிகமாகக் காணப்படுகிறது. அதன் பள்ளம், எச்ஐவி எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத துணுக்குகளைப் பிடித்துக் காட்டுகிறது. அதே பி*57:01 உள்ளவர்களுக்கு எச்ஐவி மருந்தான அபாகவிர் ஆபத்து. அந்த மருந்து பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ள, பள்ளத்தின் வடிவம் மாறி, வழக்கமாக ஏறாத சொந்தத் துணுக்குகள் ஏறுகின்றன. தைமஸில் இவற்றைப் பார்த்தே இராத டி செல்கள், சொந்த உடம்பையே அந்நியம் என்று எண்ணிவிடுகின்றன. 2012-ல் இது விளங்குவதற்கு முன்பே, ரத்தத்தில் பி*57:01 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அபாகவிர் தொடங்கும் வழக்கம் வந்துவிட்டது.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு எதிர்ப்பு ஏன் இவ்வளவு கடுமையாக வருகிறது என்பதும் இப்போது புரியும். அதன் ஒவ்வொரு செல்லும் லட்சம் எச்எல்ஏ-க்களைக் காட்டுகிறது, பொருந்தாதவை எல்லாமே அடுத்தவர் வடிவத்தில். ஒரு வைரஸை எதிர்க்க லட்சத்தில் ஒரு டி செல் என்றால், வேற்று எச்எல்ஏ-வை எதிர்க்க நூற்றில் சில டி செல்கள் எழுந்து வருகின்றன.

அம்மாவின் சிறுநீரகம் ஏன் பாதிதான் பொருந்துகிறது என்றால், பிள்ளையின் எச்எல்ஏ-வில் பாதி அப்பாவுடையது. அந்த வேற்றுப் பாதியோடு அவள் பத்து மாதம் அந்தப் பிள்ளையைச் சுமந்திருக்கிறாள். நிராகரிக்கவில்லை. தாயின் திசுவோடு நேரே உரசும் நஞ்சுக்கொடியின் செல்கள் எச்எல்ஏ-ஏ, பி, டிஆர் மூன்றையும் வெளியே வைப்பதில்லை. அந்தத் தாளில் அச்சாகும் மூன்றும் அங்கே கிடையாது. பதிலுக்கு எச்எல்ஏ-ஜி என்ற ஒன்றை வைத்து என்கே செல்களை அமைதிப்படுத்துகின்றன. பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். அப்போது அவள் உடம்பு கணவனின் எச்எல்ஏ-வைப் பார்க்கிறது, பல பெண்களிடம் அதற்கு எதிரான ஆன்டிபாடியும் உருவாகிறது. பின்னாளில் கணவனின் சிறுநீரகம் மனைவிக்குச் சேராமல் போவதற்கு இது ஒரு காரணம். 1958-ல் ஸ்டான்ஃபோர்டில் ரோஸ் பெய்னும் நெதர்லாந்தின் லைடனில் யான் வான் ரூடும் பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தத்தில் இந்த ஆன்டிபாடிகளைக் கண்டார்கள். டிஎன்ஏ முறை வரும்வரை, பல பத்தாண்டுகளாக உலகெங்கும் எச்எல்ஏ வகை பார்க்கப் பெரிதும் பயன்பட்ட சீரம், அந்தத் தாய்மார்களின் ரத்தத்திலிருந்து எடுத்தது.